அது எந்த 91 என்று பாருங்கள்

கேள்வி: பழைய கார் ஒன்று வாங்கியிருக்கிறேன். 91 ஆக்டேன் பெட்ரோல் போதுமா, 95 போட்டால் இன்ஜின் இன்னும் நன்றாக இழுக்குமா?

நீங்களும் என்னைப் போலக் கையேடு இல்லாமல்தான் வண்டி வாங்கியிருப்பீர்கள் என்று நினைக்கிறேன். பெட்ரோல் டேங்க் மூடியின் உட்பக்கத்தில் ஸ்டிக்கர் இருக்கிறதா என்று பாருங்கள். அதில் உள்ள எண்தான் பதில். அதற்குக் கீழே போக வேண்டாம். மேலே போகவும் பெரும்பாலும் தேவை இல்லை.

ஆனால் வெறும் எண்ணை நம்பித்தான் நான் கஷ்டப்பட்டேன்.

என்னுடையது டர்போ இன்ஜின். முந்தைய உரிமையாளர் பெயின்ட் அடித்ததில் ஸ்டிக்கர் போய்விட்டது. இணையத்தில் கையேட்டைத் தேடி எடுத்தேன், 91 என்று இருந்தது. பங்கிலும் 91 கிடைத்தது. சரி என்று எட்டு மாதம் அதையே போட்டேன். சமதளத்தில் ஒன்றும் தெரியாது. நான்கு பேரை ஏற்றிக்கொண்டு மேட்டில் மிதித்தால், தகர டப்பாவில் கூழாங்கல்லைப் போட்டுக் குலுக்குவது போல ஒரு சத்தம். காலை எடுத்தால் நின்றுவிடும். ஒரு பட்டறையில் டாப்பெட் என்று பிரித்தார்கள். இன்னொன்றில் பிளக்கையும் இக்னிஷன் காயிலையும் மாற்றினார்கள். மூன்றாவது இடத்தில் இன்ஜின் மவுண்ட். சத்தம் அப்படியே இருந்தது. கடைசியாக ஒரு வயதான மெக்கானிக் பானெட்டைத் திறக்காமலே, "என்ன பெட்ரோல் போடுறீங்க?" என்று கேட்டார். 91, புத்தகத்தில் அப்படித்தான் இருக்கிறது என்றேன். "எந்த நாட்டுப் புத்தகம் சார் அது?" என்றார்.

அமெரிக்கப் பதிப்பு. ஆக்டேனை அளக்க ஆர்.ஓ.என்., எம்.ஓ.என். என்று இரண்டு சோதனைகள் உண்டு. அமெரிக்காவில் இரண்டின் சராசரியைப் பங்கில் எழுதுகிறார்கள். பல நாடுகளில் ஆர்.ஓ.என். மட்டும்தான். எம்.ஓ.என். வழக்கமாக எட்டிலிருந்து பத்து வரை குறைவாக வருவதால், சராசரி நான்கைந்து குறைந்துவிடும். அந்தப் புத்தகத்தின் 91, நம் பங்கில் ஏறக்குறைய 95. இரண்டு டேங்க் 95 ஓடிய பிறகு அதே மேட்டில் அதே நான்கு பேருடன் ஏறினேன். சத்தம் இல்லை.

ஆக்டேன் எண் பெட்ரோலின் சக்தியைக் காட்டுவதில்லை. அழுத்தத்தையும் சூட்டையும் தாங்கி, தானாகப் பற்றிக்கொள்ளாமல் இருக்கும் திறனைக் காட்டுகிறது. ஐசோ ஆக்டேனுக்கு 100, ஹெப்டேனுக்கு 0 என்று வைத்து ஒப்பிடுகிறார்கள். பிளக் பொறி விட்டதும் தீ ஒரு முனையிலிருந்து பரவ வேண்டும். ஆக்டேன் போதாவிட்டால், தீ போய்ச் சேருமுன்பே மீதிப் பெட்ரோல்-காற்றுக் கலவை தானாக வெடித்துவிடும். நான் கேட்ட கூழாங்கல் சத்தம் அதுதான். இதை நாக், அதாவது தட்டல் என்பார்கள். காற்றைத் திணிக்கும் டர்போவிலும், கலவையை அதிகம் அழுத்தும், அதாவது கம்ப்ரஷன் விகிதம் அதிகமுள்ள இன்ஜினிலும் இதற்கு வாய்ப்பு அதிகம். 91-க்கென்றே செய்த சாதாரண இன்ஜினில் இந்தத் தொல்லை இல்லாதபோது, 95 எதைச் சரிசெய்யப் போகிறது? என் மச்சான் அப்படித்தான் வருடக்கணக்கில் கூடுதல் காசு கொடுத்து வந்தார். மனசுக்குத் திருப்தி என்பார். அந்தக் காசுக்கு நேரத்தில் ஆயில் மாற்றியிருக்கலாம்.

"நாக் சென்சார் இருக்கிறதே, எதைப் போட்டாலும் சமாளிக்கும்" என்று யாராவது கீழே எழுதுவார்கள். தட்டலைக் கண்டுபிடிக்கும் அந்தச் சென்சார் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் தட்டல் தொடங்கிய பிறகுதான் அது பொறி விடும் நேரத்தைத் தள்ளிப்போடும். அப்போது இழுவை குறையும், மைலேஜும் விழும். பாரம் ஏற்றி மேட்டில் போகும்போது அதனால் முழுவதும் தடுக்க முடியாமலும் போகலாம். நான் மெக்கானிக் இல்லை. எட்டு மாதம் அந்தச் சத்தத்தோடு வண்டி ஓட்டியவன், அவ்வளவுதான்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். காரை விற்பவர்கள் ஸ்டீரியோவைக் கழற்றி வைத்துக்கொண்டாலும் எனக்குக் கவலை இல்லை, அந்தப் புத்தகத்தை ஏன் தூக்கிப் போடுகிறீர்கள்? டயர் காற்று, ஆயில், பெட்ரோல் எல்லாம் அதில்தானே இருக்கிறது. மூன்று பட்டறைகளில் ஒருவர்கூட அதைக் கேட்கவில்லை என்பது எனக்கு இன்னும் ஆறவில்லை.

ஏற்கெனவே குறைந்த எண் பெட்ரோலை நிரப்பிவிட்டீர்கள் என்றால் டேங்கைக் காலி செய்ய வேண்டாம். அது தீரும்வரை மேட்டில் கியரை இறக்கி, அழுத்தி மிதிக்காமல் ஓட்டுங்கள். பாதி குறைந்ததும் சரியான எண் உள்ள பெட்ரோலை நிரப்பிக்கொள்ளுங்கள்.