கேட்டுப் பாருங்கோ: கையால கயிறு இழுத்து மேல போற லிஃப்ட்

கேள்வி: கனடாவில இருக்கிற மாமா வாட்ஸ்அப்பில ஒரு வீடியோ அனுப்பினவர். மானிற்றோபாப் பக்கம் மரத்தால கட்டின பழைய தானியக் கோபுரம் ஒண்டுக்குள்ள ஒரு ஆள் சின்னத் தட்டில ஏறி நிண்டு, பக்கத்தில தொங்குற கயிறைக் கையால இழுக்கிறார், மோட்டார் ஒண்டும் இல்லை, தட்டு சுகமா மேல போகுது. ஆளும் நல்ல பருமன். இது எப்பிடி ஏலும்?
(வாசகர், மல்லாவி)

பதில்: மாமா அனுப்பினது சோக்கான வீடியோ தம்பி. கனடாவின்ர கோதுமை மாகாணங்களில ரயில் பாதையோரம் அந்த மரக் கோபுரங்கள் ஒரு காலத்தில ஊருக்கு ஊர் நிண்டது, இப்ப கனக்க இடிச்சுப் போட்டாங்கள், மானிற்றோபாவில இங்லிஸ் எண்ட ஊரில அஞ்சை வரிசையா அப்பிடியே பாதுகாத்து வைச்சிருக்கினம். உள்ளுக்க 60, 70 அடிக்கு மேல உச்சியில தானியம் ஏத்துற பட்டியின்ர சில்லு இருக்கும், அதுக்கு எண்ணெய் விட, கிரீஸ் வைக்க எண்டு வேலையாள் அடிக்கடி மேல போகவேணும். ஏணியில ஏறி இறங்கினால் முழங்கால் கழண்டு போம், அதுக்குத்தான் அந்தத் தட்டு.

சூட்சுமம் முழுக்க நீங்கள் வீடியோவில காணாத பக்கத்தில இருக்கு. தட்டில இருந்து போற கயிறு உச்சியில கப்பியைச் சுத்தி மற்றப் பக்கம் இறங்குது, அந்த நுனியில இரும்புத் துண்டுகள் அடுக்கின பெட்டி ஒண்டு தொங்குது. தட்டு 40 கிலோ, ஆள் 75 கிலோ எண்டு வையுங்கோ, மொத்தம் 115. மற்றப் பக்கமும் 115க்குக் கிட்ட இரும்பு இருந்தால் ரெண்டும் சரிக்குச் சரி, கையால இழுக்கிறது கப்பியின்ர உரசலையும் ரெண்டுக்கும் இடையில இருக்கிற சின்ன வித்தியாசத்தையும் மட்டும்தான். ஆள் பருமன் எண்டு சொன்னியள், அவர் இன்னும் 30 கிலோ கூடினாலும் பெட்டிக்குள்ள இன்னும் 30 கிலோ இரும்பு போட்டால் காணும், கைக்கு ஒரு வித்தியாசமும் தெரியாது. அங்க வேலை செய்தவை தங்கட நிறைக்குப் பாத்துத்தான் இரும்பைக் கூட்டிக் குறைச்சு வைக்கிறது, காலால மிதிக்கிற பிரேக் ஒண்டும் இருக்கும்.

இனித்தான் பயப்பிடவேண்டிய இடம். 75 கிலோ ஆளுக்கு எண்டு அடுக்கி வைச்ச அதே தட்டில 45 கிலோப் பெடியன் ஒருத்தன் விளையாட்டுக்கு ஏறி பிரேக்கை விட்டால் என்ன நடக்கும்? இந்தப் பக்கம் 85, அந்தப் பக்கம் 115, கயிறை ஒருத்தரும் தொடவே தேவையில்லை, தட்டு தானாக் கிளம்பும், உரசலை விட்டுட்டுக் கணக்குப் பாத்தால் 10 மீற்றர் உயரம் போகேக்க மணிக்கு 19, 20 கிலோமீற்றர் வேகம் வந்திடும், மேல இருக்கிறது மர வளை, தலை போய் அதில அடிக்கும். ஆளே இல்லாத வெறுந்தட்டு எண்டால் 35 வரும். லிஃப்ட் எண்டால் கீழ விழும் எண்டுதான் சனம் பயப்பிடும், இது மேல விழும்.

கேள்வி: எங்கட அப்பாவுக்கு சண்டைக் காலத்தில வலது கால் போட்டுது, சக்கர நாற்காலிதான். பிரான்சில இருக்கிற அண்ணா காசு அனுப்பி இப்ப மேல் மாடி கட்டியாச்சு, அப்பாவுக்கு மேல வந்து காத்தில இருக்க ஆசை. கரண்ட் லிஃப்ட் எங்களுக்குக் கட்டாது. ஊரில வெல்டிங் பட்டறை வைச்சிருக்கிற அண்ணை ஒருத்தர் தட்டு அடிச்சு, கப்பி போட்டு, கல்லுக் கட்டிச் செய்து தாறன் எண்டுறார். கல்லு எவ்வளவு கட்டவேணும்?
(வாசகி, முள்ளியவளை)

பதில்: தங்கச்சி, கல்லு எவ்வளவு எண்டு கேட்டீங்கள், அதைச் சொல்லுறன், ஆனால் கல்லுக்கு முதல் யோசிக்கவேண்டியது அப்பா மேல போய் இறங்கின பிறகு என்ன நடக்கும் எண்டது. எல்லாரும் ஏத்துறதைப் பற்றித்தான் யோசிக்கினம், ஆக்களை முறிக்கிறது இறங்குற நேரம்.

கணக்கைப் பாருங்கோ. தட்டும் கம்பியடைப்பும் சேர்த்து 70 கிலோ, அப்பா 60, நாற்காலி 18 எண்டு வைச்சால் ஏறேக்க 148 கிலோ. பட்டறை அண்ணை சரிக்குச் சரியா 148 கிலோ கட்டிவிடுவார், ஒரு விரலால இழுத்து அப்பாவை மேல கொண்டு போவீங்கள், வீடே கை தட்டும். பேந்து அப்பா நாற்காலியை உருட்டி விறாந்தைக்கு வருவார். பாதி வரேக்கயே, முன் சில்லு மாடியில, பின் சில்லு தட்டில நிக்கிற அந்த நேரம், தட்டின்ர பாரம் குறைஞ்சு போம், பூட்டு இல்லாட்டில் தட்டு மேல துள்ளும், நாற்காலி கவிழும், அப்பா அந்த இடைவெளிக்குள்ள. இது நடக்காமல் பூட்டுப் போட்டாச்சு எண்டே வைப்பம், இப்ப கீழ நிக்கிற அம்மாவுக்குத் தட்டு வேணும், வெறுந்தட்டு 70, கல்லு 148, கீழ இழுக்க 78 கிலோ இழுக்கவேணும், அம்மா தொங்கினாலும் வராது.

அதாலதான் கொழும்பில நீங்கள் ஏறுற கரண்ட் லிஃப்டுகளில கூட முழுப் பாரத்துக்கும் கல்லுக் கட்டிறதில்லை. பெட்டியின்ர நிறையும், ஏத்தக்கூடிய பாரத்தில 40 தொடக்கம் 50 வீதமும்தான் கட்டுவினம். பெட்டி 800 கிலோ, ஏத்துறது 630 கிலோ எண்டால் பாதிக் கணக்குக்கு 1115 கிலோ வரும். உங்கட தட்டுக்கு அதே பாதிக் கணக்கு 70 உம் 39 உம், 109 கிலோ. இப்ப அப்பாவோட ஏத்தேக்கயும் 39 கிலோ வித்தியாசம், வெறுந்தட்டை இறக்கேக்கயும் 39 கிலோ வித்தியாசம், எந்தப் பக்கமும் அதுக்கு மேல போகாது. கேட்ட கேள்விக்கு மறுமொழி இதுதான். கொங்கிரீட்டில வார்த்தால் பக்கத்துக்கு 36 சதமமீற்றர் வாற ஒரு கட்டி, இரும்பு எண்டால் 24 சதமமீற்றர். மண் மூட்டை கட்டாதேங்கோ, மாரியில தண்ணி குடிச்சு நிறை கூடும், எலி கடிச்சால் கொட்டும், நிறை மாறுற ஒண்டையும் அந்த நுனியில தொங்கவிடக்கூடாது.

39 கிலோவைக் கையால இழுக்கிறதும் லேசில்லை, அதுக்கு கியர் வேணும். ஒண்டுக்குப் பத்துக் குறைக்கிற வேர்ம் கியர், அதாவது திருகுதண்டு ஒண்டு பல்லுச் சில்லைச் சுத்துற கியர், போட்டால் நாலு கிலோ, உரசலில பாதிக்கு மேல போகும், எட்டுக் கிலோவைக் கொஞ்சம் தாண்டும், எண்டாலும் நாற்காலிச் சில்லை உருட்டிப் பழகின கைக்கு அப்பாவே இழுப்பார். ஆனால் 3 மீற்றர் ஏற 30 மீற்றர் கயிறு கைக்குள்ளால ஓடவேணும், ஆறுதலாத்தான் போகும், அவசரம் எண்டால் இது சரிவராது. குளத்துத் துருசைக் கண்டிருப்பீங்கள், திருகுதண்டைச் சுத்திச் சுத்திக் கதவை உயர்த்திப் போட்டு ஆள் கையை எடுத்திட்டு வீட்டை போகும், கதவு அப்பிடியே நிக்கும், தன்ர பாரத்தில இறங்காது. சரியான சரிவில வெட்டின வேர்ம் கியரும் அப்பிடித்தான், கையை விட்ட இடத்தில நிக்கும். எண்டாலும் அதிர்வில மெல்ல மெல்ல நழுவும், அதை மட்டும் நம்பாமல் வேறையா ஒரு பிரேக், அதுக்கு மேல தட்டு மாடி மட்டத்துக்கு வந்ததும் சுவரோட பிடிச்சு வைக்கிற பூட்டு, அந்தப் பூட்டு விழுந்தால்தான் கேற் திறக்கும் எண்ட மாதிரி ஒரு கொழுவி. தட்டு கீழ நிக்கேக்க மேல் கேற் திறக்கக்கூடாது, இது கட்டாயம், மருமக்கள் பிள்ளையள் ஓடித்திரியிற வீடு. கல்லு ஓடுற பாதையை நிலத்தில இருந்து 8 அடிக்குத் தகரம் அடிச்சு மூடுங்கோ, நாய் படுக்கிறதும் பிள்ளையள் ஒளிச்சுப் பிடிச்சு விளையாடுறதும் அப்பிடியான மூலையிலதான்.

பட்டறை அண்ணையில எனக்குக் கோவம் இல்லை. ஒரு பேணித் துண்டையும் ரியூப் துண்டையும் வைச்சு எதையும் ஓட வைச்ச சனம் நாங்கள், கரண்டே இல்லாத வருசங்களில சைக்கிளைக் கவிழ்த்து வைச்சுப் பெடலைச் சுத்தி டைனமோவில ரேடியோச் செய்தி கேட்ட ஆக்கள். 2022 பங்குனிக் கடைசியில நாடு முழுக்க ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் கரண்ட் நிண்டுது, அப்ப லிஃப்ட் வைச்சவையும் படியால இறங்கினவைதான், அதால கையால ஓடுற ஒண்டைக் கேக்கிறது விசர்க் கேள்வி இல்லை. ஆனால் தட்டு, சட்டம், கேற், வழிகாட்டித் தண்டவாளம் இவ்வளவும் அண்ணை அடிக்கட்டும், கியரும் பிரேக்கும் கயிறறுந்தால் பிடிக்கிற பிடியும் பட்டறையில வெட்டி ஒட்டுற சாமான் இல்லை, அதுகளைக் காசு குடுத்து வாங்கி, ஒரு மெக்கானிக்கல் இஞ்சினியரைக் கூப்பிட்டுக் காட்டி, முதல் மாதம் நெல்லு மூட்டையை மட்டும் ஏத்தி இறக்குங்கோ.

அது சரிவரும் மட்டும் அப்பாவுக்குக் கீழ காத்து வாற பக்கமா ஒரு விறாந்தை இறக்கிக் குடுங்கோ. சரிவுப்பாதை எண்டால் ஒண்டுக்குப் பன்னிரண்டு கணக்கு, 2006இல வந்த அணுகு வசதி ஒழுங்குவிதி பொதுக் கட்டிடங்களுக்குச் சொல்லுறது. ரெண்டடி அத்திவாரத்துக்கு 24 அடி நீளம், முத்தத்தில இடம் காணும். பத்தடி மாடிக்கு 120 அடி வரும், அது றோட்டுக்குப் போயிடும்.

கேள்வி: கயிறு அறுந்தால் லிஃப்ட் விழாது எண்டு சொல்லுறாங்கள், எப்பிடி விழாமல் இருக்கும்?
(வாசகர், வவுனியா)

பதில்: 1854இல நியூயோர்க் கண்காட்சி மண்டபத்தில எலிஷா ஓட்டிஸ் எண்டவர் தட்டில ஏறி உயரத்தில நிண்டுகொண்டு, தன்னைத் தாங்கிற கயிறை வெட்டுங்கோ எண்டு சனத்துக்கு முன்னால வெட்ட வைச்சவர். தட்டு கொஞ்சம் இறங்கிப் போட்டு டக்கெண்டு நிண்டுது. லொறிக்குக் கீழ அடுக்கடுக்கா வளைஞ்ச ஸ்பிரிங் பிளேட் இருக்கெல்லோ, அப்பிடி ஒரு வண்டி ஸ்பிரிங்கைத்தான் தட்டுக்கு மேல வைச்சு அதில கயிறைக் கட்டினவர். கயிறு இழுத்துக்கொண்டு இருக்கு மட்டும் ஸ்பிரிங் வளைஞ்சிருக்கும், அறுந்த உடன விரியும், அதின்ர ரெண்டு நுனியும் பக்கத்துத் தண்டவாளத்தில வெட்டியிருக்கிற பல்லுக்குள்ள போய் மாட்டும். மூண்டு வருசத்தால, 1857இல, நியூயோர்க் புரோட்வேயில ஒரு கடையில ஆக்கள் ஏறுற லிஃப்டைப் பூட்டினவர், நீராவியில ஓடினது.

ஆனால் வவுனியா அண்ணை, ஒரு விசயம் கவனியுங்கோ, அந்தப் பல்லு கயிறு அறுந்தால்தான் பிடிக்கும். கயிறு நல்லா இருந்து, கல்லு பாரமாகி, பிரேக் விட்டு, பெட்டி மேல பறந்தால் ஸ்பிரிங் விரியவே விரியாது. இப்பத்தைய லிஃப்டுகளில வேகத்தைப் பாக்கிற தனிக் கருவி ஒண்டு இருக்கு, வேகம் கூடினால் அதுதான் பிடியை இறுக்கும், புதுசா வாற லிஃப்டுகளுக்கு மேல்நோக்கிப் போற வேகத்துக்கும் தடுப்பு வைக்கச் சொல்லி விதி வந்திட்டுது. கையால இழுக்கிற லிஃப்டுக்கு மேல போற ஆபத்துத்தான் முதல் ஆபத்து.

கேள்வி: எங்கட துலாவும் இதுவும் ஒண்டோ?
(மாணவி, புதுக்குடியிருப்பு)

பதில்: கிட்டத்தட்ட ஒண்டுதான் பிள்ளை. துலாவின்ர அடிப்பக்கம் பாரம், நுனிப்பக்கம் வாளி, வாளி நிரம்பினால் ரெண்டும் கிட்டத்தட்டச் சமன். யாழ்ப்பாணத்துத் தோட்டக் கிணறுகளில ஒருத்தர் துலாவில ஏறி முன்னுக்கும் பின்னுக்கும் நடந்து மிதிப்பார், கீழ நிக்கிறவர் பட்டையைப் பிடிச்சு இறைப்பார், மிதிக்கிறவர் தன்ர உடம்பையே நகர்த்திப் பாரத்தை மாத்துறார். கப்பி லிஃப்டில கல்லை அப்பிடி இடையில நகர்த்த ஏலாது. சோதினையில கேட்டால் அட்வுட் எண்டவர் 1784இல ரெண்டு நிறையும் ஒரு கப்பியும் வைச்சு விளக்கினதை எழுதுங்கோ, மல்லாவித் தம்பிக்குச் சொன்ன 20 கிலோமீற்றர் கணக்கும் அதிலதான் வந்தது: ரெண்டு நிறையின்ர வித்தியாசத்தை ரெண்டின்ர கூட்டுத்தொகையால பிரிச்சு 9.8ஆல பெருக்கினால் ஆர்முடுகல்.

கேள்வி: பிரான்ஸ் ராசா ஒருத்தர் கதிரையில இருந்தபடி மாடிக்குப் போனவராம், உண்மையோ? கல்லுக்குப் பதிலாத் தண்ணி பாவிக்கலாமோ?
(வாசகர், மாங்குளம்)

பதில்: உண்மை. 1743இல 15ஆம் லூயிக்கு வெர்சாய் மாளிகையில பறக்கும் கதிரை எண்டு ஒண்டு செய்தவை, கயிறும் கப்பியும் எதிர்ப்பாரமும்தான். தண்ணியும் பாவிக்கலாம். இங்கிலாந்தில லின்ரனுக்கும் லின்மத்துக்கும் இடையில கடலோரச் சரிவில ரெண்டு பெட்டி ஒரே கேபிளில 1890 தொடக்கம் ஓடுது, இண்டைக்கும் ஓடுது. மேல நிக்கிற பெட்டியின்ர தாங்கிக்கு ஆத்துத் தண்ணியை நிரப்பி, கீழ நிக்கிறதின்ர தண்ணியைத் திறந்து விட்டால் மேல நிண்டது பாரத்தில இறங்கும், மற்றது ஏறும். அவைக்கு ஆறு மேல இருந்து வருது. ஆவணியில கிணத்தின்ர அடி தெரியிற மாங்குளத்தில நீங்கள் முதல் தண்ணியை மேல ஏத்தவேணும், அதுக்கு ஒரு மோட்டார் வேணும், அந்த மோட்டாரிலயே லிஃப்டை ஓட்டலாம்.

கேள்வி: எங்கட அரிசி ஆலையில மூட்டை ஏத்த எதிர்ப்பாரம் கட்டின கைத்தட்டு ஒண்டு இருக்கு, கனகாலமா ஓடுது. வயர்க் கயிறை எப்ப மாத்தவேணும்?
(வாசகர், கிளிநொச்சி)

பதில்: வருசத்தை எண்ணாதேங்கோ, கயிறைப் பாருங்கோ. முதல் கப்பியை அளவுங்கோ, ஆக்கள் ஏறுற லிஃப்டுக்குக் கப்பியின்ர குறுக்களவு கயிறின்ர தடிப்பைப்போல 40 மடங்கு வேணும் எண்டு சொல்லுவினம், 8 மில்லிமீற்றர்க் கயிறுக்கு 32 சதமமீற்றர்க் கப்பி. கிணத்துக் கப்பியைக் கழட்டிப் பூட்டியிருந்தால் கயிறு ஒவ்வொருக்காலும் கூர்மையா மடிஞ்சு உள்ளுக்க இழை இழையா அறும், வெளியில வடிவா மினுங்கும். பிறகு பிரேக்கைப் பூட்டிப் போட்டு, கையில தடிச்ச கையுறை போட்டு, பழைய சாரத் துண்டு ஒண்டைக் கயிறில சுத்தி மெல்லமாப் பிடிச்சபடி மேல இருந்து கீழ மட்டும் ஒருக்கா இழுத்துப் பாருங்கோ. அறுந்த இழை எங்க இருக்கோ அங்க துணி நூல் கொழுவும். கப்பியில வளையிற இடத்தையும் நுனியில கிளாம்ப் போட்ட இடத்தையும் ரெண்டு தரம் பாருங்கோ, அனேகமா அங்கதான் போகும். ஒரே இடத்தில நாலைஞ்சு கொழுவினால் அதுக்கு மேல கிரீஸ் பூசி மூடாமல் அண்டைக்கே கழட்டிப் போடுங்கோ, போடுற புதுக் கயிறையும் ஒண்டாப் போடாமல் ரெண்டாப் போடுங்கோ. மூட்டைக்கு எண்டு சொன்னாலும் மத்தியானச் சாப்பாட்டுக்கு மேல போற பெடியள் அதில ஏறித்தான் போவாங்கள்.