ரி கலமும் பி கலமும்: உயிரியல் ரீச்சரிடம் கேளுங்கள்

உயர்தர வகுப்புக்கு முப்பது வருடம் உயிரியல் படிப்பித்தவள் நான். நிர்ப்பீடனம், அதாவது உடலின் நோயெதிர்ப்புப் பற்றி வந்த கேள்விகளுக்கு இயன்றவரை பதில் எழுதுகிறேன்.

கரவெட்டி, மாணவி: ரீச்சர், ரி (T) கலம், பி (B) கலம் இரண்டும் நிணநீர்க்குழியம் என்ற வெண்குருதிக் கலம்தானே? எதை வைத்துப் பிரிப்பது?

பிள்ளை, ஒவ்வொன்றும் எதைக் காண்கிறது என்று பாரும். குருதியிலோ நிணநீரிலோ மிதக்கும் வைரசை பி கலம் நேரடியாக, அதன் முழு வடிவத்திலேயே பற்றும். பிறகு பெருகி பிளாஸ்மா கலமாக மாறி, கிருமியைப் பற்றிப்பிடிக்கும் புரதமான பிறபொருளெதிரியைச் (antibody) சுரக்கும். ரி கலத்துக்கு மிதக்கும் வைரசு தெரியாது. தொற்றுக்குள்ளான கலம், வைரசின் புரதத்தைத் துண்டாக்கித் தன் மென்சவ்வில் தூக்கிக் காட்ட வேண்டும். அந்தத் துண்டைத்தான் ரி கலம் காணும்.

அதனால்தான் கலத்துக்குள் ஒளிந்த வைரசைப் பிறபொருளெதிரியால் எட்ட முடிவதில்லை. கொல்லும் ரி கலம் வந்து அந்தக் கலத்தையே அழிக்கும். உதவும் ரி கலம் மற்றவற்றுக்குச் சைகை கொடுக்கும். அந்தச் சைகை இல்லாவிட்டால் பெரும்பாலான பி கலங்களும் சரியாக வேலை செய்யா. எச்ஐவி உதவும் ரி கலத்தை அழிக்கும்போது இரண்டு பக்கமும் தளர்வது இதனால்தான்.

நல்லூர், தாய்: மகனுக்குக் காய்ச்சல் தொடங்கி இரண்டாம் நாள். டெங்கு ஐஜிஎம் இல்லை என்று ரிப்போட் வந்தது. பயமில்லையா?

அம்மா, அந்த ரிப்போட்டை நம்பி இருந்துவிடாதீர்கள். ஐஜிஎம் என்பது பி கலத்தின் வேலையால் வரும் ஒரு பிறபொருளெதிரி. அதற்குப் பொதுவாக ஐந்து நாளளவு எடுக்கும். முதல் நாட்களில் வைரசின் புரதத்தையே தேடும் என்எஸ்1 பரிசோதனைதான் உதவும். இன்றைக்கே வைத்தியரிடம் காட்டுங்கள். காய்ச்சலுக்குப் பரசிற்றமோல் மட்டும். அஸ்பிரின், இபுபுரூபன் வேண்டாம்.

மானிப்பாய், மாணவன்: ரி கலம் சுரக்கும் பிறபொருளெதிரி எது?

எதுவும் இல்லை. ரி கலம் பிறபொருளெதிரி சுரக்காது.

சாவகச்சேரி, தனியார் வகுப்பு ஆசிரியர்: பி என்றால் போன் மரோ (என்புமச்சை), ரி என்றால் தைமசு. இப்படித்தான் நான் படிப்பிக்கிறேன்.

தம்பி, ரி சரி. இரண்டு வகையும் பிறப்பது என்புமச்சையில்தான்; ரி கலம் நெஞ்சிலுள்ள தைமசு என்ற சுரப்பிக்குப் போய் முதிர்கிறது. ஆனால் பி என்பது பேர்சாவின் முதலெழுத்து. கோழியின் கழிவு வாசலுக்குச் சற்று மேலே இருக்கும் சிறு பை அது. பாதுவாவில் உடற்கூறு படிப்பித்த பப்ரீசியசின் பெயரைத் தாங்கியது. அமெரிக்காவில் புரூஸ் கிளிக் என்ற ஆய்வாளர் குஞ்சுகளில் அந்தப் பையை வெட்டி எடுத்திருந்தார். வகுப்பில் பிறபொருளெதிரி உண்டாவதைக் காட்ட அவரது நண்பர் சாங் அந்தக் கோழிகளை வாங்கிப் பயன்படுத்த, அவற்றில் பிறபொருளெதிரி உண்டாகவே இல்லை. 1956இல் கோழியியல் சஞ்சிகையில்தான் அது வெளிவந்தது.

அதே ஆசிரியர்: மனிதருக்கு அந்தப் பை இல்லையே! பிள்ளைகளுக்கு இது எதற்கு?

நமக்கு பி கலம் என்புமச்சையில் முதிர்கிறது, உண்மை. எழுத்து தற்செயலாகப் பொருந்திவிட்டது, அவ்வளவுதான். ஆனால் இரண்டும் வெவ்வேறு வழியில் வருபவை என்று 1965இல் கூப்பர், குட் என்ற ஆய்வாளர்கள் தெளிவாக்கியதும் கோழிக்குஞ்சில்தான். பையை எடுத்தால் பிறபொருளெதிரி போகும். தைமசை எடுத்தால் ரி கலத்தின் பக்கம் தளரும். அந்தக் கதையைச் சொல்லிப் பாரும், பிள்ளைகள் மறக்க மாட்டார்கள்.

சுன்னாகம், கோழி வளர்ப்பவர்: ரீச்சர், கம்பரோ நோய் தாக்குவதும் அந்தப் பையைத்தானா?

அதேதான் ஐயா! இந்தக் கேள்வி எனக்கு மிகவும் சந்தோசம். கம்பரோ வைரசு பேர்சாவில் வளரும் பி கலங்களைக் கொல்கிறது. முதல் மூன்று கிழமைக்குள் தொற்றினால் வெளியில் பெரிதாக ஒன்றும் தெரியாமல் போகலாம். ஆனால் பிறகு நியூகாசில் என்ற மற்றொரு கோழி நோய்க்குத் தடுப்பூசி போட்டாலும் போதிய பிறபொருளெதிரி உண்டாகாது. ஊசி பழுது என்று நினைப்போம், பழுதானது பை. கம்பரோ தடுப்பூசியை எந்த வயதில் போடுவது என்பதைக் கால்நடை வைத்தியரிடம் கேளுங்கள்.

கோப்பாய்: ரி கலத்தைக் கூட்டும் மா விற்கிறார்கள், வாங்கலாமா?

வேண்டாம். அந்தக் காசுக்கு மீனும் முருங்கையிலையும் வாங்குங்கள்.

பருத்தித்துறை, மாணவி: வித்தியாசத்தை அட்டவணையாகத் தருவீர்களா?

இதே கேள்வி இன்றைக்கு ஆறாவது. கரவெட்டிப் பிள்ளைக்கு எழுதியதை வாசித்து நீரே அட்டவணை போடும். பிறபொருளெதிரியை மட்டும் ரி கலத்தின் பக்கம் எழுதிவிடாதேயும்.