துணியை ஆடையாக மாற்ற வேண்டுமா?

கேள்வி: சிறுகதைத் தொகுப்பு ஒன்றைப் பிழைதிருத்துகிறேன். 'துணி' பேச்சுவழக்கு, எல்லா இடத்திலும் 'ஆடை' என்று மாற்றுங்கள் என்கிறார் ஆசிரியர். மாற்றலாமா?

பதில்: வேண்டாம். மாற்றினால் "தலையணை உறை தைக்க இரண்டு மீட்டர் ஆடை வாங்கினாள்" என்று அச்சாகிவிடும். உடுத்துவது ஆடை, தறியிலிருந்தோ சுருளிலிருந்தோ வெட்டி எடுப்பது துணி. திரைக்கும் விரிப்புக்கும் கரித்துணிக்கும் ஆடை என்ற சொல் பொருந்தாது.

பேச்சுவழக்கு என்ற குற்றச்சாட்டும் நிற்காது. துணித்தல் என்றால் வெட்டுதல். மதுரைக்காஞ்சியில் மீன் துண்டத்துக்குத் 'துணியல்' என்றே பெயர். நெய்த நீளத்திலிருந்து அறுத்தெடுத்ததால் துணி. துண்டும் இதே வகைதான். இன்று கடையில் 'சட்டை பிட்டு' (ஆங்கில bit, துண்டு) கேட்கிறோமே, அதிலும் இந்தத் துண்டு இருக்கிறது.

இதைவிடச் சுவையானது 'அறுவை'. அறுத்தெடுத்த துணிக்குச் சங்ககாலப் பெயர் அது. பொருநராற்றுப்படை, பார்வை நுழையாத அளவு நுண்ணிய துணியை "அரவுரி அன்ன அறுவை" என்கிறது. பாம்பு உரித்த சட்டை போல அவ்வளவு மெல்லியது. சிலப்பதிகாரத்தின் மதுரையில் பருத்தி நூல், மயிர், பட்டு என மடிமடியாகத் துணி அடுக்கிய தெரு 'அறுவை வீதி'. மதுரை அறுவை வாணிகன் இளவேட்டனார் என்ற புலவர் துணி வணிகர்தான். கத்தி பிடித்த மருத்துவரும் இல்லை, கேட்பவரை அறுத்தவரும் இல்லை! பின்னாளில் அறுவை சிகிச்சைக்கும் சலிப்பூட்டும் பேச்சுக்கும் போய்விட்டது அந்தச் சொல். வீட்டில் நிலைத்தது துணி.

துணிவும் இதே வேர்தான். ஊசலாட்டத்தை வெட்டிவிட்டு முடிவுக்கு வருவது துணிதல். 'எண்ணித் துணிக கருமம்' என்ற குறளில் வீரத்தைவிட முடிவெடுப்பதே பேச்சு. 'அறுதியாகச் சொல்' என்பதில் அறுத்தல் இருப்பது போலவே.

ஆக, கதையில் யாராவது துணி துவைத்தால், துணி காயப்போட்டால், அப்படியே விடுங்கள். அங்கே உடுத்துவதும் அடக்கம்தான், துணிமணி என்கிறோமே. "மணமகளின் துணி" போன்ற இடத்தில் மட்டும் ஆடை அல்லது உடை என்று திருத்தலாம். ஜவுளி என்ற சொல் வந்தால் அதையும் தொடாதீர்கள். தெலுங்கிலும் கன்னடத்திலும் வழங்கும் வணிகச் சொல், கடைப் பேச்சுக்கு அதுதான் இயல்பு.