திருகோணமலை வெக்கையில் கிராபிக்ஸ் கார்டு 83 டிகிரி: பயப்பட வேண்டுமா?

தம்பி, கேம் ஆடும்போது உங்கள் ஆர்டிஎக்ஸ் 3060 கிராபிக்ஸ் கார்டு 83 டிகிரி காட்டுகிறது, எரிந்துவிடுமா என்று கேட்டிருந்தீர்கள். 83இல் அது எரிந்து போகாது. அதற்கு, சிப்பைத் தயாரிக்கும் என்விடியா நிறுவனம் சொல்லும் உச்ச வரம்பு 93 டிகிரி செல்சியஸ். அந்த அளவை நெருங்கினால் கார்டு தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும்.

யூடியூப் வீடியோக்களில் மட்டும் இதே கார்டு எப்படி 65 காட்டுகிறது என்றும் கேட்டிருக்கிறீர்கள். அங்கே அறையே 21, 22 டிகிரிதான். நம் ஊரில் சோளகம் வீசும் மாதங்களில் ஏசி இல்லாத அறை பகலில் 33ஐத் தொடும். அந்தச் சூட்டுக் காற்றைத்தானே கார்டின் விசிறி இழுக்கிறது? விசிறி ஒரே வேகத்தில் சுற்றினால், அறை 10 டிகிரி கூடும்போது சிப்பும் ஏறக்குறைய 10 கூடும். அதனால் கார்டின் சூட்டிலிருந்து அறைச் சூட்டைக் கழித்துப் பாருங்கள். உங்களுக்கு 50 வருகிறது. சரி, மோசமில்லை. அதே கேமில் இந்த இடைவெளி மாதத்துக்கு மாதம் கூடினால்தான் கவனிக்க வேண்டும்.

எனக்கு அது நடந்தது. திருக்கடலூரில் கடலைப் பார்த்த அறை. ஜன்னல் எப்போதும் திறந்தே இருக்கும். என் ஜிடிஎக்ஸ் 1060 வாங்கிய புதிதில் இடைவெளி 42. இரண்டு வருடத்தில் 55. கழற்றிப் பார்த்தால், உப்புக் காற்றின் ஈரத்தில் தூசி பிசுபிசுத்து, அலுமினியத் தகடுகளுக்கு நடுவே கம்பளித் துண்டு மாதிரி அடைத்துக் கிடந்தது. பின்பக்கத் திருகாணிகளில் கறள். புளோவர் அடித்தும் அசையவில்லை. காய்ந்த பெயின்ட் பிரஷால் கொஞ்சம் கொஞ்சமாகச் சுரண்டித்தான் எடுத்தேன். காற்றடிக்கும்போது விசிறியை விரலால் பிடித்துக்கொள்ளுங்கள், சுழலவிட்டால் பேரிங் கெட்டுவிடும். சிப்பின் சூட்டை அலுமினியத் தகடுகளுக்குக் கடத்தப் பூசியிருக்கும் பழைய பேஸ்ட் மண்ணாக உதிர்ந்தது. புதிது வைத்ததும் இடைவெளி 43க்கு வந்துவிட்டது.

நீங்கள் உடனே கழற்ற வேண்டாம். முதலில் கார்டின் அமைப்புகளை மாற்ற உதவும் ஆஃப்டர்பர்னர் என்ற மென்பொருளில் பவர் லிமிட்டை, அதாவது கார்டு இழுக்கும் மின்சக்தியின் வரம்பை, 80 சதவீதத்துக்கு இறக்கிப் பாருங்கள். சூடு நன்றாகக் குறையும், கேமில் பெரிய வித்தியாசம் தெரியாது. கேஸைச் சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி வையுங்கள். பிறகு கார்டின் சூட்டைக் காட்டும் ஜிபியு-இசட் என்ற மென்பொருளில் ஹாட் ஸ்பாட் என்ற வரியைப் பாருங்கள், அது சிப்பில் மிகச் சூடான இடத்தின் அளவு. அது சாதாரணச் சூட்டைவிட 10, 15 கூட இருப்பது வழமை. 25க்கு மேல் போனால் பேஸ்ட் காய்ந்திருக்கலாம். அந்த எண்ணை இங்கே எழுதுங்கள், கழற்றும் முறையைப் படத்தோடு போடுகிறேன்.