நன்கொடையா, கடனா, பங்கா?

கேள்வி: சிறிய அறக்கட்டளை ஒன்றை நடத்துகிறோம். இரவில் கடை போடும் நடைபாதை வியாபாரிகளுக்குச் சூரிய விளக்குகளை வாடகைக்கு விடும் நிறுவனம் எங்களிடம் பணம் கேட்கிறது. நன்கொடை கொடுத்தால் அதோடு தீர்ந்தது. திரும்பி வந்தால் இன்னொருவருக்கு உதவும். கடன் கொடுக்கலாமா, பங்கு வாங்கலாமா?

பதில்: பங்கு வேண்டாம். லாபம் குறைவான இப்படிப்பட்ட நிறுவனத்தின் பங்கைப் பிற்பாடு உங்களிடமிருந்து வாங்க ஆள் கிடைப்பது அரிது. மற்ற இரண்டில் எது என்பதை அவர்களுடைய மாதக் கணக்குதான் சொல்லும். கடன் கொடுக்க உங்கள் அறக்கட்டளைப் பத்திரமும் சட்டமும் இடம் தருகின்றனவா என்று தணிக்கையாளரிடம் முதலில் கேட்டுவிடுங்கள்.

கடைசி 12 மாத வரவு செலவை வாங்கிப் பாருங்கள். மாத வரவு 100 என்று வைத்துக்கொள்வோம். வசூல் கமிஷன், பழுது என வாடகைக்குப் போகும் விளக்குகளைப் பொறுத்து மாறும் செலவு 50, சம்பளமும் இட வாடகையும் 35, மிச்சம் 15. மாதத் தவணை 10 என்றால் தாங்கும்போலத் தெரியும். மழை பிடித்துக்கொண்டு வரவு 80 ஆகிவிட்டால்? மாறும் செலவு 40 ஆகக் குறையும், 35 அப்படியே நிற்கும், கையில் மிஞ்சுவது 5. தவணை தவறும்.

அதனால் நிலையான தவணைக்குப் பதில் வரவில் 6 சதவீதம் என்று பேசுங்கள். நல்ல மாதத்தில் 6, மழை மாதத்தில் 4.80, இரண்டையும் கட்ட முடியும். கடன் 150 என்றால் அதன் 1.3 மடங்கான 195 வந்ததும் கணக்கு முடிந்தது என்று எழுதிக்கொள்ளுங்கள். மாதம் 6 வீதம் ஏறத்தாழ 33 மாதம் ஆகும். இந்த உச்சவரம்பை எழுத மறந்தால், நன்றாக வளரும் நிறுவனம் உங்களுக்கு முடிவில்லாமல் கட்டிக்கொண்டிருக்கும்.

அந்த 15 உண்மையான மிச்சம்தானா என்பதையும் துருவிப் பாருங்கள். இந்தத் தொழிலில் கணக்கு பொய்யாவது பெரும்பாலும் பேட்டரியில்தான். 3 ஆண்டில் மாற்ற வேண்டிய பேட்டரி என்றால், அதன் விலையில் 36-இல் 1 பங்கை மாதாமாதம் ஒதுக்கியிருக்க வேண்டும். ஒதுக்காதவரை லாபம்போலத் தெரியும்; பேட்டரிகள் மொத்தமாகப் படுத்ததும் கஜானா காலி. ஒதுக்கிய பிறகு, மழை மாதத்தில் அந்த 6 சதவீதத்தைக் கட்ட முடியாது என்று தெரிந்தால் கடன் கொடுக்காதீர்கள். முதல் விளக்குகளையும் பயிற்சியையும் நன்கொடையாகக் கொடுங்கள், 12 மாதம் கழித்துக் கடனைப் பற்றிப் பேசலாம். வங்கியே கடன் தரத் தயார் என்றாலும் ஒதுங்கிவிடுங்கள். உங்கள் பணம் அங்கே புதிதாக எதையும் செய்யப்போவதில்லை.

இன்னொரு சறுக்கல் உண்டு. பெரிய கடைக்காரர் மொத்தமாகப் பத்து விளக்கு எடுப்பார், வசூலும் சுலபம். வரவைப் பெருக்கும் அவசரத்தில் ஊழியர்கள் அங்கேயே போவார்கள், தள்ளுவண்டிக்காரர் விடுபட்டுப்போவார். வளர்ச்சி மட்டுமே குறியானால் என்ன ஆகும் என்பதை 2010-இல் ஆந்திரத்து நுண்கடன் நெருக்கடியில் பார்த்தோம்: ஒரே குடும்பத்துக்குப் பல நிறுவனங்கள் கடன் கொடுத்தன, கடைசியில் வசூலே முடங்கியது. ஆகவே விளக்குகளில் 70 சதவீதமாவது நடைபாதை வியாபாரிகளிடம் இருக்க வேண்டும் என்று ஒப்பந்தத்தில் சேர்த்துவிடுங்கள். கடனையும் இரண்டு பகுதியாகக் கொடுங்கள். அதற்குக் கீழே போனால் அபராதம் வேண்டாம், கடனின் இரண்டாவது பகுதியை நிறுத்திவைத்தால் போதும்.

பயனை அளக்க, பணம் போகும் முன்பே 50 வியாபாரிகளிடம் இரண்டு விஷயம் கேட்டுக் குறித்துவையுங்கள்: வெளிச்சத்துக்கு வாரம் எவ்வளவு செலவு, கடை மூடும் நேரம் என்ன. 6 மாதம் கழித்து அதே 50 பேரிடம் கேளுங்கள். இடையில் விளக்கைத் திருப்பிக் கொடுத்தவர்களையும் விடாதீர்கள். ஏன் கொடுத்தார்கள் என்பது நிறுவனத்தின் அறிக்கையில் வராது.