வாசகர் கேள்வி பதில்: கியோத்தோவின் தேரோட்டம்

கேள்வி: வரும் ஜூலையில் மகள் என்னை ஜப்பானின் கியோத்தோ நகருக்கு அழைத்துச் செல்கிறாள். அங்கே நடக்கும் தேர்த்திருவிழாவை எந்த நாளில் பார்ப்பது நல்லது? கூட்டத்தில் நெடுநேரம் நிற்க என்னால் முடியாது. (வாசகி, சுங்கை சிப்புட்)

பதில்: நீங்கள் கேட்பது கியோன் மட்சுரி. 869ஆம் ஆண்டு கொள்ளைநோய் பரவியபோது 66 ஈட்டிகளை நட்டு வழிபட்டதில் தொடங்கிய இது, இன்று யசாகா ஆலயத்தின் விழாவாக ஜூலை மாதம் முழுவதும் நடைபெறுகிறது. அம்மை கண்ட காலத்தில் மாரியம்மனுக்கு நேர்ந்துகொண்ட தோட்டத்து மக்களுக்கு இந்தக் காரணத்தை விளக்க வேண்டியதில்லை.

தேரோட்டம் இருமுறை நடக்கும். 17ஆம் தேதி 23 தேர்களும் 24ஆம் தேதி 11 தேர்களும் வரும். நிற்க முடியாதென்றால் கூட்டம் குறைந்த 24ஆம் தேதியே போதும். ஆயினும், ஒருமுறைதான் போகப்போகிறீர்கள் என்றால், சிரமப்பட்டாவது 17ஆம் தேதி காலையில் சிஜோ, கவராமச்சி வீதிகள் சந்திக்கும் முனைக்குச் செல்லுங்கள் என்பேன். பெரிய தேர் ஒன்று ஏறக்குறைய 12 டன் எடையுள்ளது. அதன் சக்கரங்கள் நேராக மட்டுமே உருளும். முனை வந்ததும் பிளந்த மூங்கில் பட்டைகளைச் சக்கரத்தின் அடியில் பரப்பி, தண்ணீர் ஊற்றி, ஆட்கள் பக்கவாட்டில் வடம் பிடித்து ஒருசேரச் சில முறை இழுக்க, அந்தப் பாரம் முழுவதும் ஈர மூங்கிலில் வழுக்கித் திரும்பும். முட்டுக்கட்டை போட்டுத் தேரைத் திருப்பும் நம் வழக்கத்தைப் பார்த்தவர்களுக்கு அது பெரு வியப்பாகவே இருக்கும்.

முந்தைய மாலைகளில் விளக்கேற்றி நிற்கும் தேர்கள் சிலவற்றில் ஏறியும் பார்க்கலாம். ஆனால் முதலாவதாகச் செல்லும் நகினாத்தா தேரில் பெண்களை ஏற்றுவதில்லை. அங்கே விற்கும் 'சிமாக்கி' என்னும் மூங்கில் இலைக் கட்டைப் பலகாரம் என்று எண்ணிப் பிரித்துவிடாதீர்கள். அது நம் மாவிலைத் தோரணம்போல் வாசலில் கட்டுவது. வெயிலும் புழுக்கமும் நம் ஊரைவிடக் குறைவாக இராது. குடையும் தண்ணீரும் கையில் இருக்கட்டும்.

கேள்வி: அத்தேர்களுக்கு ஆணியே அடிப்பதில்லையாமே? (ஓய்வுபெற்ற தச்சர், பீடோர்)

பதில்: உண்மைதான். அடிச்சட்டங்களை வைக்கோல் கயிற்றால் மட்டுமே இறுகக் கட்டுகிறார்கள். ஓடும்போது கட்டு சற்றே நெகிழ்ந்துகொடுப்பதால் மரம் பிளப்பதில்லை. ஓட்டம் முடிந்தவுடன், வழியில் சேர்ந்த தீமை தங்கிவிடக் கூடாது என்பதற்காக, அன்றே பிரித்துவிடுகிறார்கள். எனவே படம் எடுப்பதாயின் மறுநாளுக்குத் தள்ளிப்போட வேண்டாம்.