மழைக்காட்டு விடுதியில் எரிசக்திப் பட்டறை: போகுமுன் என்ன தெரிந்திருக்க வேண்டும்?

கேள்வி: செராஸில் வசிக்கிறேன். மின்சாரம் பற்றிப் படித்தவன் இல்லை. பகாங் மழைக்காட்டுக்குள் இருக்கும் ஒரு விடுதியில் மூன்று நாள் புதுப்பிக்கத்தக்க எரிசக்திப் பட்டறை நடக்கப்போகிறது. அண்ணன் உலு லங்காட் பக்கம் பழத்தோட்டம் வாங்கியிருக்கிறார். அங்கே மின் நிறுவனமான டிஎன்பியின் லைன் வரவில்லை, ஓரமாக ஒரு ஓடை ஓடுகிறது. இந்தப் பட்டறை எங்களுக்குப் பயன்படுமா? எப்படித் தயாராக வேண்டும்?

பதில்:

ஓடை இருக்கிறது என்கிறீர்கள், அதனால் தாராளமாகப் போங்கள். ஆனால் பணம் கட்டுமுன் ஏற்பாட்டாளரிடம் கேளுங்கள்: மூன்று நாளில் ஓடைநீர் மின்சாரத்துக்கு எத்தனை மணி நேரம் ஒதுக்கியிருக்கிறார்கள்? கூரையில் சோலார் பேனல் மாட்டக் கற்றுக்கொள்வதற்குக் காடேறத் தேவையில்லை, கோலாலம்பூரிலேயே அதற்கு வகுப்பு உண்டு. மரநிழல், ஈரப்பதம், சின்ன ஓடையிலிருந்து வரும் மின்சாரம் ஆகியவற்றைத்தான் காட்டில் கற்க வேண்டும். மழைக்காட்டைப் பொறுத்தவரை என் கருத்து இதுதான்: முதலில் ஓடையை அள, பிறகு கூரையைப் பார்.

இன்னும் இரண்டு கேள்விகள் கேளுங்கள். விடுதியின் பேட்டரி அறையைத் திறந்து நம்மையே மீட்டர் வைத்து அளக்க விடுவார்களா? தினசரி மின் அளவை எழுதிவைக்கும் ஏடு இருக்கிறதா? ஏடு இருந்தால் மாதத்தில் எத்தனை மணி நேரம் ஜென்செட் (எண்ணெயில் ஓடும் ஜெனரேட்டர்) ஓடியது என்று அதிலேயே தெரிந்துவிடும். அந்த அமைப்பின் உண்மை நிலையை அதைவிடத் தெளிவாக எந்த விளக்கப்படமும் காட்டாது.

போகும்போது கையில் ஒரு பட்டியல் இருக்கட்டும். தோட்ட வீட்டில் என்னென்ன ஓடும், எத்தனை வாட், ஒரு நாளில் எத்தனை மணி நேரம் என்று எழுதுங்கள். நாலைந்து பேர் தங்கும் வீட்டுக்கு உத்தேசமாக இப்படி வரும்: 7 வாட் விளக்கு பத்து, ஐந்து மணி நேரம், 350 வாட்-மணி. 30 வாட் டிசி விசிறி நான்கு, பத்து மணி நேரம், 1,200. சிறிய இன்வெர்ட்டர் குளிர்பெட்டி 1,000. கைப்பேசிகளும் மடிக்கணினியும் 150. அரைக் குதிரைத்திறன் தண்ணீர்ப் பம்பு ஒரு மணி நேரம் 370. ரைஸ் குக்கர் அரை மணி நேரம் 350. இணைய ரூட்டர் நாள் முழுக்க 240. மொத்தம் 3,660.

இதோடு பலர் நிறுத்திவிடுகிறார்கள். பேட்டரியின் டிசியை வீட்டுக்கான ஏசியாக மாற்றும் 3 கிலோவாட் இன்வெர்ட்டர் ஒன்று சும்மா இருக்கும்போதே 40 வாட் அளவுக்கு இழுக்கும். 24 மணி நேரத்துக்கு அது 960 வாட்-மணி, ஏறக்குறைய குளிர்பெட்டி தின்னும் அளவு. அதையும் சேர்த்தால் நாளுக்கு 4,620 வாட்-மணி, அதாவது 4.6 யூனிட். குளியலறையில் மாட்டும் 3.6 கிலோவாட் உடனடி வாட்டர் ஹீட்டரை இந்தப் பட்டியலில் சேர்க்கவே சேர்க்காதீர்கள். அது ஒன்றே மொத்தக் கணக்கையும் கவிழ்த்துவிடும். சுடுநீர் வேண்டுமென்றால் எரிவாயு ஹீட்டர் போதும்.

இனி வெயிலைப் பார்ப்போம். கோலாலம்பூர் வட்டாரத்தில் திறந்த வெளியில் நாளுக்கு நாலரை மணி நேர முழு வெயிலுக்குச் சமமான ஒளி கிடைக்கும். அடர்ந்த காட்டின் தரைக்கு வருவது மேலே விழும் ஒளியில் நூற்றுக்கு ஒன்றிரண்டு பங்குதான். மரங்களை வெட்டித் திறந்த இடத்திலும் காலை ஒன்பது வரை ஒரு பக்க நிழல், மூன்று மணிக்குப் பிறகு மறுபக்க நிழல், அதற்குள் இடிமழையும் வந்துவிடும். ஆகவே 3 மணி நேரம் என்று கணக்கிடுங்கள். வெப்பம், கம்பி, பேட்டரி, இன்வெர்ட்டர் இழப்புகளுக்காக அந்த 3 ஐ 0.7 ஆல் பெருக்கினால் 2.1. 4,620 ஐ 2.1 ஆல் வகுத்தால் 2,200 வாட். 440 வாட் பேனல் ஐந்து. 51.2 வோல்ட் 100 ஆம்பியர்-மணி லித்தியம் இரும்பு பாஸ்பேட் பேட்டரி இரண்டு இருந்தால், முழுக்கக் காலியாக்காமல் ஒன்றே முக்கால் நாள் தாங்கும். மூன்று நாள் தொடர்ந்து மூடிக்கொண்டு மழை பெய்தால் ஜென்செட்டைக் கிளப்பத்தான் வேண்டும்.

அதே 4.6 யூனிட்டைத் தண்ணீரில் எடுக்க என்ன வேண்டும்? 24 மணி நேரமும் ஓடுவதால் 193 வாட் போதும். சூத்திரம் எளிது: விநாடிக்கு எத்தனை லிட்டர் என்பதை உயர வித்தியாச மீட்டரால் பெருக்கி, அதை 9.81 ஆல் பெருக்கினால் மொத்த வாட். சின்ன அமைப்பில் குழாய், டர்பைன் (நீர் சுழற்றும் சக்கரம்), ஜெனரேட்டர் இழப்பெல்லாம் போகப் பாதி கைக்கு வரும். விநாடிக்கு 2 லிட்டர், 20 மீட்டர் உயரம் என்றால் 392 வாட், கைக்கு 196 வாட். குழந்தைகூடத் தாண்டிப் போகிற ஓடையில் கிடைக்கும் நீர் அது. மழை நாளில் கூரை படுத்துவிடும் நேரத்தில் ஓடை கூடுதலாகவே கொடுக்கும் என்பது இதன் பெரிய பலம். அரிசி வேகும்போதும் பம்பு ஓடும்போதும் ஒரே நேரத்தில் ஆயிரம் வாட்டுக்கு மேல் தேவைப்படும், அதற்காக ஒரு பேட்டரி இருக்க வேண்டும். இரண்டு வேண்டியதில்லை. இணையத்தில் விற்கும் சின்ன டர்பைன்களில் 1,500 வாட் என்று ஒட்டியிருந்தாலும் மயங்காதீர்கள். தண்ணீரில் இல்லாத வாட்டை எந்த இயந்திரமும் தராது.

அளப்பதைத்தான் பட்டறையில் நன்றாகப் பழகிக்கொள்ள வேண்டும். ஓட்டத்துக்கு வாளி முறை: மணல் மூட்டையும் பிளாஸ்டிக் விரிப்பும் போட்டு ஓடையைத் தற்காலிகமாக மறித்து, எல்லா நீரும் ஒரே குழாய் வழியாக விழும்படி செய்யுங்கள். 20 லிட்டர் பெயிண்ட் வாளி நிறைய எத்தனை விநாடி என்று பாருங்கள். 10 விநாடி என்றால் விநாடிக்கு 2 லிட்டர். வாளியின் விளிம்பு வரை நிறைத்தால் 20 லிட்டருக்கு மேல் பிடிக்கும். முதலிலேயே அளந்து ஊற்றி உள்ளே கோடு போட்டுக்கொள்ளுங்கள். ஐந்து முறை எடுத்து, மிகக் கூடியதையும் மிகக் குறைந்ததையும் தள்ளிவிட்டுச் சராசரி பாருங்கள். மூன்று விநாடிக்குள் வாளி நிறைந்தால் இந்த முறை நம்பகமில்லை, பெரிய டிரம் வேண்டும்.

உயரத்துக்குக் கைப்பேசியின் ஜிபிஎஸ் உதவாது. 20 மீட்டரில் அது பல மீட்டர் தவறும். உள்ளே தெரியும் நீர்மட்டக் குழாயைப் பிடித்துக்கொண்டு இருவர் படிப்படியாக இறங்கி அளப்பது பழைய முறை, இன்றும் நம்பகமானது. குழாய்க்குள் ஒரு காற்றுக்குமிழி இருந்தாலும் கணக்குத் தவறும். ஏற்கெனவே பாலி பைப் போட்டிருந்தால் இன்னும் சுலபம்: கீழ் வாயை அடைத்து, நீர் நிரப்பி, அழுத்தமானியைப் பாருங்கள். 1 பார் என்றால் 10.2 மீட்டர்.

பணம் வீணாகும் இடம் குழாய். விநாடிக்கு 2 லிட்டர் 100 மீட்டர் தூரம் போகும்போது, 40 மில்லிமீட்டர் பாலி பைப்பில் உராய்வே 13 மீட்டர் உயரத்தைத் தின்றுவிடும். இருக்கும் 20 இல் மிச்சம் 7. 50 மில்லிமீட்டரில் இழப்பு 4 மீட்டரைத் தாண்டும். 63 மில்லிமீட்டரில் ஏறக்குறைய ஒன்றரை மீட்டர்தான். விலை வித்தியாசத்தைப் பார்த்து 40 வாங்குகிறவர் பிறகு டர்பைனைக் குறை சொல்கிறார். குழாய் தொடர்ந்து இறங்கியபடியே போக வேண்டும். நடுவில் ஒரு மேடு ஏறி இறங்கினால் அங்கே காற்று தங்கி ஓட்டத்தைக் குறைக்கும். தவிர்க்க முடியாத மேட்டில் காற்று வால்வு வையுங்கள். கீழ் வால்வை எப்போதும் மெதுவாக மூடுங்கள். சட்டென்று மூடினால் ஓடிவந்த நீரின் வேகம் குழாயை அடித்து இணைப்பைப் பிளக்கும்.

நம் காட்டில் வருடம் முழுக்க இலை உதிரும். குழாய் வாயில் நேராக நிற்கும் வலை மழைக்குப் பிந்திய காலையில் அடைத்துக் கிடக்கும். சாய்வான கம்பிவலை மேல் நீர் வழிந்து, இலை தானாக உருண்டு போகும்படி அமைத்த நீர் நுழைவாயைப் பாருங்கள். விடுதியில் அப்படி இருந்தால் படம் எடுத்து, சாய்வையும் கம்பி இடைவெளியையும் அளந்து வாருங்கள். அதற்குப் பின்னால் மணல் படிய ஒரு தொட்டி வேண்டும். மணல் உள்ளே போனால் நாசிலும் (நீரைப் பீய்ச்சும் முனை) சக்கரமும் தேய்ந்துபோகும்.

மிக ஆபத்தான தவறு கட்டுப்பாட்டுப் பெட்டியில் நடக்கிறது. சோலார் பேனலின் சார்ஜ் கண்ட்ரோலர் பேட்டரி நிறைந்ததும் பேனலைத் துண்டித்துவிடும், பேனலுக்கு ஒன்றும் ஆகாது. ஓடும் டர்பைனை அப்படித் துண்டித்தால் அதைப் பிடித்து நிறுத்தும் சுமை போய்விடும். வேகம் ஏறக்குறைய இரு மடங்காகும், வோல்டேஜும் கூடவே ஏறும், மின்னணுப் பெட்டி கருகும். அதனால் மிஞ்சும் மின்சாரத்தை ஒரு ஹீட்டரில் கொட்டும் டம்ப் லோட் கட்டாயம் வேண்டும், டர்பைனின் முழு வாட்டையும் தாங்கும் அளவில். லித்தியம் பேட்டரியில் இன்னொரு சிக்கல் உண்டு: உள்ளிருக்கும் பாதுகாப்புப் பலகை தன் எல்லையில் பேட்டரியின் இணைப்பையே துண்டித்துவிடும். 51.2 வோல்ட் பேட்டரியில் அது வழக்கமாக 58 வோல்ட்டை ஒட்டி நடக்கும். டம்ப் லோட் 56 இலேயே வேலை செய்யத் தொடங்க வேண்டும். பட்டறையில் பயிற்றுநரிடம் சொல்லி, வீட்டுச் சுமைகளை ஒவ்வொன்றாக நிறுத்தச் செய்யுங்கள். டம்ப் ஹீட்டர் இருக்கும் நீர்த்தொட்டி சூடேறுவதைத் தொட்டுப் பார்த்தால் இந்தப் பாடம் மறக்காது.

டர்பைன் வீட்டிலிருந்து 100 மீட்டர் தள்ளி இருந்தால் கம்பியும் கணக்கில் வரும். 4 சதுர மில்லிமீட்டர் செம்புக் கம்பியில் 200 வாட்டை 24 வோல்ட்டில் அனுப்பினால் 7 வோல்ட் வழியிலேயே போய்விடும். 48 வோல்ட்டில் மூன்றரை வோல்ட் சொச்சம்தான் போகும். 12 வோல்ட்டில் உருப்படியாக எதுவும் வந்து சேராது. 48 வோல்ட் அமைப்பே சரி.

பேனலும் வைக்கத்தான் போகிறீர்கள் என்றால் இரண்டு விஷயம். நாம் நிலநடுக்கோட்டை ஒட்டி இருப்பதால் திசை பெரிதல்ல. 10 பாகை சாய்வு இருந்தால் மழையே பேனலைக் கழுவும். பிற்பகல் மழை வழக்கமான இடத்தில் கிழக்குப் பக்கம் சாய்ப்பது லாபம். ஒரே ஒரு இலை ஒரு செல்லை மூடினாலும் பேனலின் மூன்றில் ஒரு பங்கு போகலாம், ஏனென்றால் பேனலுக்குள் செல்கள் பொதுவாக மூன்று வரிசைகளாகப் பிரிந்திருக்கின்றன.

ஈரமும் எறும்பும் காட்டில் சாதாரணப் பிரச்சினை அல்ல. சந்திப்புப் பெட்டிக்குள் எறும்பு புற்று வைக்கும், இன்வெர்ட்டருக்குள் பல்லி புகுந்து இரு முனைகளுக்கு நடுவில் கருகும். பெட்டி ஐபி65 (தூசியும் தெறிக்கும் நீரும் புகாத தரம்) ஆக இருந்தாலும் கம்பி நுழையும் துளை மேலே இருந்தால் நீர் கம்பி வழியே வழிந்து உள்ளே போகும். துளை கீழேதான் இருக்க வேண்டும், கம்பி ஒரு வளைவு தொங்கி மேலேற வேண்டும். விடுதியின் பெட்டிகளைத் திறக்கும்போது முனைகளில் பச்சை படிந்திருக்கிறதா என்று பாருங்கள். கிள்ளான் பள்ளத்தாக்கு இடிமின்னலுக்குப் பேர்போனது, ஆகவே மின்னெழுச்சித் தடுப்பானும் ஒழுங்கான தரைக்கம்பியும் உலு லங்காட்டில் கட்டாயம்.

சமையலறைக் கழிவில் எரிவாயு எடுப்பதையும் காட்டக்கூடும். தொட்டியைத் தொடங்க மாட்டுச்சாணம் வேண்டும், புளிப்பு மிகுந்தால் வாயு நின்றுவிடும் என்ற அளவுக்குத் தெரிந்துகொண்டால் இப்போதைக்குப் போதும்.

கொண்டு போக வேண்டியவை: டிசி ஆம்பியரும் அளக்கும் கிளாம்ப் மீட்டர் (கம்பியைக் கவ்வி அளக்கும் மீட்டர்). மலிவான கிளாம்ப் மீட்டர்கள் ஏசி ஆம்பியரை மட்டுமே அளக்கும், ஜாலான் பாசாரில் வாங்கும்போது கேட்டு வாங்குங்கள். 5 மீட்டர் டேப், நீர் புகாத குறிப்பேடு, தலைவிளக்கு. காலுக்குக் கம்போங் அடிடாஸ் என்று எல்லோரும் சொல்லும் ரப்பர் காலணியும், அட்டைப்பூச்சி ஏறாமல் தடுக்கும் காலுறையும். காலில் புண் இருந்தால் ஓடைக்குள் இறங்காதீர்கள், எலிக்காய்ச்சல் அந்த வழியாக எளிதில் வரலாம். பேனல் ஓடும்போது அதன் கம்பிகளைச் சேர்க்கும் எம்சி4 இணைப்பைக் கழற்றாதீர்கள், டிசி தீப்பொறி அணையாமல் நீளும்.

ஓடையில் அளந்துகொண்டிருக்கும்போது தெளிந்த நீர் திடீரென்று கலங்கினாலோ, சுள்ளியும் இலையும் கூட்டமாக மிதந்து வந்தாலோ, மேலே இரைச்சல் கேட்டாலோ வாளியையும் மீட்டரையும் விட்டுவிட்டுக் கரையேறுங்கள். கெப்பாலா ஆயர் (மேலிருந்து திடீரென்று பாய்ந்துவரும் வெள்ளம்) வருவதற்கு நீங்கள் நிற்கும் இடத்தில் மழை பெய்ய வேண்டிய அவசியமில்லை, மேலே மலையில் பெய்தால் போதும்.

பட்டறைச் சான்றிதழை வைத்துக்கொண்டு வீட்டில் 230 வோல்ட் வயரிங் செய்ய முடியாது. அதற்கு எரிசக்தி ஆணையத்தில் பதிவு பெற்ற வயர்மேன் வேண்டும். சிலாங்கூரில் ஓடை நீரைத் திருப்ப மாநில நீர் நிர்வாக அமைப்பான லுவாஸிடம் அனுமதி கேட்க வேண்டும், காடு ஒட்டியிருந்தால் வனத்துறையிடமும். அண்ணனின் ஓடையைப் பிப்ரவரியில் ஒரு முறை, ஜூன் அல்லது ஜூலையில் ஒரு முறை, மழையில்லாத வாரத்தில் அளந்து தேதியோடு எழுதிவையுங்கள். கிடைக்கும் குறைந்த எண்ணில் பாதியை ஓடைக்கே விட்டுவிட்டு, மீதியை வைத்துப் பைப்பின் அளவை முடிவு செய்யுங்கள்.